பரணில் கிடைத்த இரட்டை லென்ஸ் கேமரா: அதன் வயதை நீங்களே கண்டுபிடிக்கலாம்!

ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதி, சித்திரை வீதிகளில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாக மாறிவருகின்றன. வீட்டை இடிக்கும் முன் பரணை ஒழிப்பார்கள். பித்தளைப் பாத்திரம், டிரங்குப் பெட்டி, பழைய பஞ்சாங்கக் கட்டு என ஒவ்வொன்றாக இறங்கும். அவற்றுக்கு நடுவே சில வீடுகளில் தோல் உறை போட்ட ஒரு கேமராவும் இறங்கும். முன்பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ் இருக்கும்.

"தாத்தாவோடது, நூறு வருஷம் ஆகியிருக்கும்" என்பார் ஒருவர். "ஓடாதுப்பா, எடைக்குப் போட்டுடு" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் தப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் கேமராவின் வயதை, ஓரளவு துல்லியமாகவே, உங்கள் கையில் இருக்கும் போனையும் ஒரு டார்ச் வெளிச்சத்தையும் வைத்துச் சொல்லிவிட முடியும். எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை: பின்மூடியைத் திறக்காதீங்க!

கேமரா கையில் கிடைத்ததும் எல்லோரும் செய்வது பின்மூடியைத் திறந்து பார்ப்பதுதான். அதைச் செய்யாதீர்கள். உள்ளே கழுவப்படாத ஃபிலிம் ரோல் இருந்தால், வெளிச்சம் பட்ட நொடியிலேயே படங்கள் போய்விடும். அந்த ரோலில் யாருடைய கல்யாணம் இருந்தது, யாருடைய முகம் இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஃபிலிம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பக்கவாட்டில் உள்ள எண் காட்டியைப் பாருங்கள். 1 முதல் 12 வரை ஏதாவது ஒரு எண்ணில் நின்றால் சந்தேகப்பட வேண்டும். பின்பக்கம் சிறிய சிவப்புக் கண்ணாடி ஜன்னல் இருந்தால், அதன் வழியே காகிதமும் எண்ணும் தெரிகிறதா என்று பாருங்கள். ஃபிலிமைச் சுற்றும் கைப்பிடியை மெதுவாகத் திருப்பும்போது உள்ளே ஏதோ இழுபடுவதுபோல் இருந்தால், ரோல் இருக்க வாய்ப்புண்டு.

இந்தக் கேமராக்களில் போடும் 120 ஃபிலிமுக்குப் பின்னால் ஒரு காகிதம் ஒட்டியே இருக்கும். 12 படங்களையும் கடந்து கடைசி வரை சுற்றிவிட்டால், ஃபிலிம் முழுவதும் அந்தக் காகிதத்துக்குள் சுருண்டுகொள்ளும். பிறகு மங்கலான வெளிச்சத்தில் எடுத்து, பிரியாமல் ஒட்டி, ஃபிலிம் கழுவித் தரும் லேபுக்கு அனுப்பலாம். கைப்பிடி நகரவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம். தெரிந்த ஆளிடம் கொடுத்து, இருட்டறையில் திறக்கச் சொல்லுங்கள்.

பழைய ரோலில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை செய்த விவியன் மேயரின் பெட்டிகள் 2007-ல் ஏலத்துக்கு வந்தன. அவர் ரோலிஃப்ளெக்ஸில் எடுத்த தெருப் படங்கள் இன்று உலகப் புகழ் பெற்றவை. அந்தப் பெட்டிகளில் கழுவப்படாத ரோல்களும் ஏராளமாக இருந்தன.

இது நிஜமான டிஎல்ஆர்தானா?

ட்வின் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ், சுருக்கமாக டிஎல்ஆர். மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. மேல் லென்ஸ் வழியே வரும் காட்சி ஒரு கண்ணாடியில் பட்டு, மேலே உள்ள தேய்த்த கண்ணாடித் திரையில் விழும். கேமராவை வயிற்றருகே வைத்துக்கொண்டு, குனிந்து அந்தத் திரையைப் பார்த்துப் படம் எடுப்பார்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலா பயன்படுத்திய கேமராக்களில் ரோலிஃப்ளெக்ஸும் ஒன்று.

இரண்டு லென்ஸ் இருந்தாலே டிஎல்ஆர் ஆகிவிடாது. ஃபோகஸ் திருகைத் திருப்புங்கள். இரண்டு லென்ஸும் சேர்ந்து முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, பல்சக்கரம் வழியே சேர்ந்து சுழன்றாலோ அது நிஜமான டிஎல்ஆர். மேல் லென்ஸ் அசையாமல் வெறும் காட்சிக் கண்ணாடியாக இருந்தால் அது அந்த வடிவத்தில் வந்த பெட்டி கேமரா. கோடக் டுவாஃப்ளெக்ஸ் இந்த ரகம்.

பெயரைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது

முன்பக்கம் எழுதியிருக்கும் மாடல் பெயரை முழுசாகப் படியுங்கள். 'யாஷிகா' என்பதோடு நின்றுவிடாதீர்கள். அதற்குப் பின்னால் வரும் ஒற்றை எழுத்தும் எண்ணும்தான் முக்கியம்.

ரோலிஃப்ளெக்ஸ்: ஜெர்மனியின் பிரவுன்ஷ்வெய்க் நகரத்து ஃபிராங்கே அண்ட் ஹைடெக்கே நிறுவனத்தின் தயாரிப்பு. முதல் மாடல் 1929-ல் சந்தைக்கு வந்தது. 1932-ல் ஃபிலிமைச் சுற்ற கைப்பிடி வந்தது. 1933-ல் விலை குறைந்த தம்பியாக ரோலிகார்டு வந்தது. 1937-ல் வந்த ஆட்டோமேட், ஃபிலிமின் தொடக்கத்தைத் தானே உணர்ந்து எண்ணத் தொடங்கியது. 3.5எஃப் மாடலும் 'டி' மாடலும் 1958-ல் வந்தவை. 2.8எஃப் 1960-ல் வந்தது. ரோலிகார்டின் கடைசி மாடலான வி.பி. 1962-ல் வந்தது.

யாஷிகா: ஜப்பான் தயாரிப்பு. கைப்பிடி வைத்த யாஷிகா-மேட் 1957-ல் வந்தது. திருகு வைத்த யாஷிகா-டி, 35 எம்எம் ஃபிலிமும் போடக்கூடிய யாஷிகா 635 இரண்டும் 1958-ல் வந்தன. யாஷிகா-மேட் 124 வந்தது 1968-ல். 124ஜி 1970-ல் வந்து 1986 வரை தயாரிப்பில் இருந்தது.

லுபிடெல்: சோவியத் லெனின்கிராடு தயாரிப்பு, எடை குறைந்த பிளாஸ்டிக் உடல். முதல் லுபிடெல் 1950-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. லுபிடெல் 2 அந்தப் பத்தாண்டின் நடுவில் வந்தது. 166 என்ற எண் இருந்தால் 1970-களின் பிற்பகுதி அல்லது அதற்குப் பிறகு.

பெயர் அழிந்துவிட்டதா? இந்த 6 தடயங்களைப் பாருங்கள்

1. காப்புரிமை எழுத்துகள்: ஜெர்மன் கேமராவின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'டி.ஆர்.பி. – டி.ஆர்.ஜி.எம்.' என்று இருந்தால், அது பழைய ஜெர்மன் ரைஷ் காலத்துக் காப்புரிமைக் குறி. 'டி.பி.பி. – டி.பி.ஜி.எம்.' என்று இருந்தால் மேற்கு ஜெர்மனி உருவான 1949-க்குப் பிந்தையது. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம்தான். ஆனால் நடுவில் ஒரு உலகப் போரே இருக்கிறது. போர் முடிந்த முதல் சில ஆண்டுகளில் பழைய குறி தொடர்ந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2. லென்ஸைச் சுற்றியுள்ள எழுத்து: 'கார்ல் ஜெய்ஸ் ஜெனா' என்று இருந்தால் பெரும்பாலும் போருக்கு முந்தையது, அல்லது போர் முடிந்த உடனடிக் காலம். ஜெனா நகரம் கிழக்கு ஜெர்மனிக்குப் போனதும் மேற்கில் தனி ஜெய்ஸ் ஆலை உருவானது. அங்கே தயாரான லென்ஸ்களில் தொடக்கத்தில் 'ஜெய்ஸ்-ஆப்டன்' என்று இருக்கும். அது 1950-களின் முதல் பாதியைக் காட்டும்.

3. ஷட்டர் வேக எண்கள்: இதுதான் ரொம்ப ஈஸி. எண்கள் 25, 50, 100 என்று போனால் பழைய வரிசை. 30, 60, 125 என்று போனால் புதிய வரிசை. இந்த மாற்றம் 1950-களின் நடுவில் தொடங்கி, 1960 வாக்கில் பெரும்பாலான நிறுவனங்களில் முடிந்துவிட்டது.

4. ஃபிளாஷ் ஒயர் செருகும் துளை: போருக்கு முந்தைய கேமராக்களில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் ஸ்டூடியோக்காரர்கள் பழைய கேமராவிலும் மெக்கானிக்கிடம் கொடுத்து இதைப் பொருத்திக்கொண்டதுண்டு. அதனால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

5. லைட் மீட்டர்: தேன்கூடு போன்ற கண்ணாடிப் பட்டை இருந்தால் அது செலினியம் மீட்டர், பேட்டரி தேவையில்லை. டிஎல்ஆர்களில் இது 1950-களின் பிற்பகுதியில் பரவலானது. பேட்டரி போடும் சின்ன மூடி இருந்தால் 1960-களின் பிற்பகுதி அல்லது அதற்குப் பிறகு.

6. 12/24 பொத்தான்: 24 படம் எடுக்கக்கூடிய 220 ஃபிலிம் 1965-ல்தான் அறிமுகமானது. ஆகவே 12, 24 என்று மாற்றும் வசதி ஆலையிலேயே பொருத்தப்பட்டு வந்திருந்தால், கேமரா அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. யாஷிகா-மேட் 124 என்ற பெயரே இந்த 12, 24 ஆகிய இரண்டையும் சேர்த்து வைத்ததுதான்.

ஜப்பான் கேமராக்களுக்கு ஒரு கூடுதல் தடயம் உண்டு. 'ஆக்குபைடு ஜப்பான்' தயாரிப்பு என்று பொறித்திருந்தால், அமெரிக்கப் படைகளின் கட்டுப்பாட்டில் ஜப்பான் இருந்த காலம். அது 1952-ல் முடிந்தது.

சீரியல் நம்பர் பெரிதாக இருந்தால் புதியதா?

இல்லை. பலரும் ஏமாறும் இடம் இதுதான். ரோலியில் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி எண் தொகுதி ஒதுக்கினார்கள். 1958-ல் தொடங்கிய 'டி' மாடலின் எண்கள் 21 லட்சத்தில் தொடங்கின. 1960-ல் வந்த 2.8எஃப் எண்கள் 24 லட்சத்தில் தொடங்கின. ஆனால் 'டி' மாடலை 1970-களிலும் தயாரித்தார்கள். அதனால் 1970-களின் 'டி' ஒன்றின் எண், 1960-ன் 2.8எஃப் எண்ணைவிடச் சிறியதாகவே இருக்கும்.

எனவே முதலில் மாடல், பிறகுதான் எண். மாடலைத் தெரிந்துகொண்ட பின் அதன் பெயரோடு 'சீரியல் நம்பர்' என்று சேர்த்துத் தேடினால், சேகரிப்பாளர்கள் தொகுத்த ஆண்டுப் பட்டியல்கள் கிடைக்கும். இன்னொன்று, உடலில் ஒரு எண் இருக்கும், லென்ஸ் வளையத்தில் வேறொரு எண் இருக்கும். லென்ஸ் எண் லென்ஸின் வயதை மட்டுமே சொல்லும்.

ஒரு விதி, ஒரு கணக்கு

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே வரியில் சுருக்கலாம்: கேமராவில் மாற்றப்படாத பாகங்களில் எது கடைசியாகக் கண்டுபிடிக்கப்பட்டதோ, அதற்கு முன்னால் அந்தக் கேமரா பிறந்திருக்க முடியாது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். திருச்சி வீடு ஒன்றில் ஒரு கேமரா. "தாத்தா 1965-ல சிங்கப்பூர்லேர்ந்து ரஜுலா கப்பல்ல கொண்டு வந்தது" என்கிறார் பாட்டி. முன்பக்கத்தில் இருப்பதோ யாஷிகா-மேட் 124ஜி. பேட்டரி மூடியும் இருக்கிறது, 12/24 பொத்தானும் இருக்கிறது. 124ஜி சந்தைக்கு வந்ததே 1970-ல். அப்படியானால் பாட்டி சொல்வது பொய்யா?

அவசரப்படாதீங்க. ரஜுலா கப்பல் 1970-களின் தொடக்கம் வரை நாகப்பட்டினத்தையும் சிங்கப்பூரையும் இணைத்து ஓடியது. அதன்பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடந்த தீ விபத்து வரை அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. ஆண்டு மட்டும் மாறியிருக்கலாம். தாத்தா இரண்டு பயணங்களில் இரண்டு கேமராக்கள் கொண்டுவந்து, முதலாவதை விற்றிருக்கலாம். கேமராவின் வயதைத் தெரிந்துகொள்வது பாட்டியைத் திருத்துவதற்கு அல்ல. அவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்பதற்கு.

கேமரா வயது வேறு, படத்தின் வயது வேறு

1958-ல் தயாரான கேமராவில் 1988-லும் படம் எடுத்திருப்பார்கள். குடும்பத்துக்கு முக்கியமான கேள்வி பெரும்பாலும் இரண்டாவதுதான்: இந்தப் படம் எப்போது எடுத்தது? அதற்குத் திருச்சிக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பின்னணியில் ஊரே காலண்டராக நிற்கிறது.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல நூற்றாண்டுகளாக அது அடிப்பாகத்தோடு நின்றுபோன மொட்டைக் கோபுரமாகத்தான் இருந்தது. ராணுவ அதிகாரியும் புகைப்படக் கலைஞருமான லின்னேயஸ் ட்ரைப் ஸ்ரீரங்கத்தில் எடுத்த படங்கள் 1858-லேயே தொகுப்பாக வந்தன. அப்போதும் கோபுரம் இல்லை. அகோபில மடத்தின் 44-வது ஜீயர் முன்னெடுத்த திருப்பணி 1979-ல் தொடங்கியது. 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு எழுந்த கோபுரத்துக்கு 1987 மார்ச் 25-ல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆகவே தெற்கு வாசல் பின்னணியில் கோபுரம் மொட்டையாக இருந்தால் படம் 1979-க்கு முந்தையது. பாதி எழுந்து சாரம் கட்டியிருந்தால் நடுவில் உள்ள எட்டு ஆண்டுகளுக்குள் எடுத்தது. முழுசாக இருந்தால் அதற்குப் பிந்தையது. காவிரிப் பாலமும் இதேபோல் உதவும். திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் இப்போதைய பாலம் 1976-ல் வந்தது.

படத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. அன்றுதான் பின்கோடு முறை தொடங்கியது. முகவரியில் 'தமிழ்நாடு' என்று அச்சிட்டிருந்தால், மெட்ராஸ் மாநிலத்தின் பெயர் மாறிய 1969-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ என்று கொள்ளலாம்.

நெகட்டிவ் இருந்தால் இன்னும் நல்லது. அதன் ஓரத்தில் ஃபிலிமின் பெயர் இருக்கும். 'இந்து' என்று இருந்தால் அது ஊட்டியில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு, 1967-க்குப் பிந்தையது. 'ட்ரை-எக்ஸ்' என்று இருந்தால் 1954 அல்லது அதற்குப் பிறகு. நெகட்டிவைப் பார்க்க ஸ்கேனர் வேண்டாம். ஒரு போன் திரையை முழு வெள்ளையாக்கி, அதற்குச் சற்று மேலே நெகட்டிவைப் பிடித்து, இன்னொரு போனில் படமெடுத்து, எடிட்டிங் ஆப்பில் நிறத்தைத் தலைகீழாக்கினால் போதும்.

ஒரு சின்ன கவனம்: சதுரப் படம் என்றாலே டிஎல்ஆரில் எடுத்தது என்று முடிவு கட்டாதீர்கள். நம் ஊரில் நிறையப் பேர் வைத்திருந்த அக்ஃபா க்ளிக் பெட்டி கேமராவும் சதுரப் படம்தான் தரும்.

விற்கலாமா? என்ன கவனிக்க வேண்டும்?

'நூறு வருட ஆன்டிக்' என்று யாராவது ரோலிஃப்ளெக்ஸை விற்க வந்தால் நம்ப வேண்டாம். முதல் ரோலிஃப்ளெக்ஸுக்கே 2029-ல்தான் நூறு வயது. அதுபோலவே, வயது கூடினால் விலை கூடும் என்பதும் உண்மையல்ல. போருக்கு முந்தைய சாதாரண மாடலைவிட, 1960-களின் நல்ல நிலையில் உள்ள 2.8எஃப் பல மடங்கு விலை போகும். எந்த மாடல், லென்ஸ் சுத்தமாக இருக்கிறதா, ஷட்டர் சரியாக ஓடுகிறதா, இந்த மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கும். வாங்க வருபவரிடம் பேசும் முன் மாடல் பெயரும் ஆண்டும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், எடைக்குப் போடும் விலையில் ஏமாற மாட்டீர்கள்.

வைத்துக்கொள்ளப் போகிறீர்களா? லென்ஸில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் அது பூஞ்சை. பரணும் மூடிய தோல் உறையும்தான் அதற்குப் பிடித்த இடங்கள். உறையிலிருந்து கேமராவை எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். உறையைத் தூக்கி எறியாதீர்கள். கடையின் லேபிள், பில், ரிப்பேர் சீட்டு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். பல வருடம் ஓடாத ஷட்டரில் எண்ணெய் விடவே கூடாது. அந்த எண்ணெய் ஷட்டர் தகடுகளில் ஒட்டிக்கொண்டால், சின்ன ரிப்பேர் பெரிய செலவாகிவிடும்.

கடைசியாக, மாடல் பெயர், சீரியல் நம்பர், லென்ஸ் எழுத்து, ஷட்டர் எண்கள் ஆகிய நான்கையும் போனில் படமெடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். கேமராவின் ஆண்டை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதை யார் வாங்கினார்கள், முதல் ரோலில் யாரைப் படம் எடுத்தார்கள் என்பதைச் சொல்ல வீட்டுப் பெரியவர்களால்தான் முடியும். அதை இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.